இதுவும் பச்சை

சூரியன் இப்போதுதான் அட்லஸ் மலைமுகட்டில் விளிம்பு காட்டுகிறது. ஏப்ரல் முடியப்போகிறது, ஆனாலும் வயலெங்கும் உறைபனி வெள்ளையாக மின்னுகிறது. நேற்று மாலை வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்ததுமே, இரவு பனி உறையும் என்று தெரிந்து, பத்து நாள் முன்பு நட்ட தக்காளி நாற்றுகளை இத்தோவும் அவள் நாத்தனார் தூதாவும் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினார்கள். வாளி, கூஸ்கூஸ் பானை, அறுத்த எண்ணெய் டப்பா, கல்யாணக் கம்பளி. இந்த நாற்றுகள் பனியில் கருகினால் மறுபடி நட வேறு கிடையாது. இப்போது இருவரும் ஓடி ஓடித் திறக்கிறார்கள். வாளி விளிம்பிலிருந்து பனி மொரமொரவென்று உதிர்கிறது. “பச்சை! அண்ணி, இதுவும் பச்சை!” என்று தூதா கத்துகிறாள். “கத்தாதடி, செடி பயந்துடும்,” என்கிற இத்தோவின் குரல் அதைவிடப் பெரிதாகக் கேட்கிறது. கம்பளியை உருவினால் தக்காளி இலையின் காட்டமான வாசனை இளஞ்சூட்டோடு முகத்தில் அடிக்கிறது. கடைசி வரிசையை நெருங்கும்போது இத்தோவின் கால் தயங்குகிறது. அங்கே நான்கு செடிகளுக்கு மூட எதுவும் மிஞ்சவில்லை. மனசில்லாமல் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆனால் அங்கே பழுப்பாக ஏதோ நிற்கிறது. அவசரப்பட்டு நட்டுவிட்டாள் என்று பத்து நாளாகக் கேலி செய்த கணவன் ஹம்முவின் கம்பளி அங்கி, பனியில் பலகைபோல் விறைத்து, நாலு குச்சிகளின்மேல் கிடக்கிறது. தூக்கிப் பார்க்கிறாள். நான்கும் பச்சை. “யோவ், இங்க வாய்யா!” வீட்டு வாசலில் வெறும் சட்டையோடு, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான் ஹம்மு. “மொதல்ல அத இங்க கொண்டா புள்ள, பல்லு தந்தியடிக்குது!” விறைத்த அங்கியைக் கதவுபோல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு, சிரிப்பு அடங்காமல் இத்தோ அவனை நோக்கி ஓடுகிறாள்.