விலக விலக

1944-இல் மதுரைக்கு வெளியே, குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள் கோத்து உச்சியில் குறுகும் ஒரு வயர்லெஸ் கோபுரம் நின்றது. அதன் அலை எவ்வளவு தூரம் வலுவோடு போகிறது என்று அளக்க, இன்ஜினியர் ராமமூர்த்தி மீட்டருடன் வேனில் கிளம்பினார். முத்திருளன் ஓட்டினார். கோபுரத்தைவிட்டு விலக விலக மீட்டரின் முள் இறங்க வேண்டும். சமயநல்லூர் வரை இறங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது.

"என்ன சாமி, ஒரு மாதிரியா இருக்கீக?"

"கோபுரத்துக்குக் கிட்டப் போனாத்தான்ப்பா இப்படி ஏறும்."

முத்திருளன் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் சாலைதான் கிடந்தது. "அப்ப நாம போறோமா, வாரோமா சாமி?"

ராமமூர்த்தி மீட்டரின் மேல் குனிந்தார். சோழவந்தான் வெற்றிலைத் தோட்டங்களுக்கு நடுவே முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. கோபுரத்தின் அடியில் அளந்தபோதுகூட அது இவ்வளவு ஏறவில்லை. 

"நிறுத்துப்பா. இறங்கிடலாம்."

கதவைத் தள்ளினார். அது கொஞ்சம் திறந்து, ஏதோ இரும்பில் மோதி நின்றது. முத்திருளன் பக்கத்துக் கதவும் அப்படியே நின்றது.

"சாமி, வெளிய ஒண்ணுமே இல்லையே!"

வெளியே உச்சி வெயிலில் வெற்றிலைக் கொடிகள்தான் தெரிந்தன. ராமமூர்த்தி ஜன்னல் வழியே கையை நீட்டினார். கண்ணுக்குத் தெரியாத இரும்புச் சட்டம் விரலைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தடவினார். கை எட்டிய மட்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். மேலே போகப் போக அவை, கோபுரத்தில் இருப்பதைப் போலவே, உள்நோக்கிச் சாய்ந்திருந்தன.