மாதிரி மூக்கு

மூக்குத்தி லேசில் கழலவில்லை. சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் திருகி எடுப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளைக் காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூக்கைச் சின்னதாக்குகிற டாக்டர்.

மூக்குத்தி கூடாது, முகத்தில் பவுடர்கூட இருக்கக் கூடாது என்று கிளினிக்கிலிருந்து செய்தி வந்திருந்தது. நேர்ப் படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் இரண்டு கொண்டுவர வேண்டும். எந்த மாதிரி மூக்கு வேண்டுமோ, அதற்கும் ஒரு படம்.

முதல் மூன்றையும் அம்மாதான் வெள்ளைச் சுவரோரம் நிறுத்தி எடுத்தாள். பக்கவாட்டில் திரும்பச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் போட்டோக்காரரைக் கண்டதுமே, "நேரா பாரு" என்று மகளின் முதுகில் தட்டிப் பழகியவள்.

நான்காவது படத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பீரோவிலேயே இருந்தது.

அதிலும் அவள்தான்.

மஞ்சள் பட்டு, தலை நிறையப் பூ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜாதகத்தோடு கொடுத்தனுப்ப எடுத்தது. அன்று ஸ்டுடியோவில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "இன்னுங் கொஞ்சம் சிறுசு பண்ணுங்க தம்பி" என்று சொல்லிச் சொல்லியே மகளுக்கு எள்ளுப்பூ மூக்கு ஒன்றை வாங்கிவிட்டாள். கடவுளுக்கு வராத கைப்பக்குவம் அந்த ஸ்டுடியோக்காரருக்கு வந்திருந்தது.

மூக்கும் முழியுமாகப் பெண் அம்சமாக இருக்கிறாள் என்று தரகர் ஊர் ஊராகச் சொன்னார். கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

மூன்று வீடு அப்படி.

நான்காவது வீடு போன மாதம் வந்தது. காபித் தட்டை அவள்தான் நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாக டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சிய வரச் சொல்லு கண்ணு."

அவளுக்குத் தங்கச்சி கிடையாது. ஒரே பெண்.

குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் நிஜமாகவே கேட்டார்.

இந்த மூக்கோடு இன்னொரு தடவை அந்தத் தட்டைத் தூக்க அவளால் ஆகாது. கத்தி பட்டால் படட்டும்.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். என்னை இவளாக்கிவிடுங்கள். தன்மேலேயே இவ்வளவு பொறாமை வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"குடு, நான் கவர்ல போட்டு வெக்கறேன்."

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நான்கு படங்களையும் வாங்கினாள். மூன்றைப் பார்க்காமலே உள்ளே தள்ளினாள்.

நான்காவதில் கை நின்றது.

முந்தானையால் அதைத் துடைத்தாள். எட்டப் பிடித்துப் பார்த்தாள். அம்மாவின் முகம் இப்படி மலர்ந்து வெகுநாளாகியிருந்தது.

"என்ற புள்ளைக்கு என்ற கண்ணே பட்டுருமாட்ட இருக்குது."

படத்தை மடியில் வைத்தாள். இரண்டு கையாலும் அந்த முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெரித்தாள். பத்து விரலும் சடசடவென்று நெட்டி முறிந்தன.

மகள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.