மெழுகுதிரி ஏற்ற வந்தவள்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜூலை மாதத்துப் பின்னேரம். லண்டன் ஈஸ்ட் ஹாம் தேவாலய மண்டபத்தின் உயர்ந்த ஜன்னல்களால் இறங்கும் வெயில், மடக்குக் கதிரைகளில் நிரம்பியிருக்கும் தமிழ்ச்சனத்தின் தோள்களில் சாய்ந்து கிடக்கிறது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்து பத்து வருஷம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மெழுகுதிரிகள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளவத்தையில் தன் வீடு எரிவதை ஒழுங்கைச் சந்துக்குள் நின்று பார்த்த கமலாம்பிகை, முதல் திரிக்கு முன்னால் நிற்கிறாள். “அக்கா, இவதான் குசுமா. நான் சொன்ன சிங்களப் பிள்ளை. உங்களோட சேர்ந்து ஏத்தவெண்டு தனிய வந்திருக்கிறா,” என்கிறார் கூட்டத்தை ஒழுங்கு செய்த ஆனந்தராஜா. கமலாம்பிகை தலையாட்டுகிறாள். போன கிழமை அவர் சம்மதமா என்று கேட்டபோதே வாய் ஓம் என்றுவிட்டது. வயிறுதான் இன்னும் சொல்லவில்லை. குசுமா கைப்பைக்குள்ளிருந்து தீப்பெட்டியை எடுக்கிறாள். குச்சி சரக்கென்று உரசுகிறது. தீக்குச்சி மருந்தின் மணம் மூக்கில் ஏறுகிறது. கமலாம்பிகையின் கால்கள் கதவுப்பக்கம் திரும்பப் பார்க்கின்றன. அவளைக் கேளாமலே கை நெற்றிக்குப் போகிறது. தமிழ்ப் பெண் என்று காட்டிக்கொடுக்கும் குங்குமப் பொட்டை, அன்று ஒழுங்கைக்குள் அழித்ததுபோலவே புறங்கையால் அழித்துவிடுகிறது. நெற்றியெல்லாம் சிவப்பு. குசுமா அதைப் பார்க்கிறாள். எரிகிற குச்சியை ஊதி அணைக்கிறாள். “அக்கா, நீங்க பத்த வைங்க,” என்று கொச்சைத் தமிழில் சொல்லித் தீப்பெட்டியை நீட்டுகிறாள். கமலாம்பிகை நடுங்கும் கையை நீட்டுகிறாள். அவளுடைய விரல் தொடுவதற்கு முன்பே, குசுமாவின் கையிலிருக்கும் பெட்டிக்குள் குச்சிகள் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருக்கின்றன.