மூக்கு இந்தப் பக்கம் திரும்பினால்

"என் புள்ள ஆசை ஆசையா வாங்கி வெச்ச சாமானை உடைச்சே தீருறதுன்னு கங்கணம் கட்டியிருக்கியா?"

இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து மாமியாரின் குரல் இறங்கி வந்தது. கீழே, குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், மருமகள் ஹெலிகாப்டரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிஜமாகவே பொறுக்கத்தான் வேண்டியிருந்தது. உடம்பு ஓரிடம், வால் ஓரிடம், இறக்கை இன்னோரிடம்.

"சின்ன உடைசல்தான் அத்தை. சரி பண்ணிடுவேன்."

"சரி பண்ணத்தான் வருது. பறக்க விடத்தான் வரலை!"

அவள் துண்டுகளை அள்ளிக்கொண்டு மாடியேறினாள்.

ரிமோட்டில் பறக்கும் அந்த ஹெலிகாப்டரை வாங்கியவன் அவள் கணவன். கப்பலில் இன்ஜினீயர். போன லீவில் வந்தபோது வாங்கினான். ஒரே தடவை மேலே ஏற்றினான், மரத்தில் மோதினான், அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டான்.

"நான் பழகிப் பார்க்கட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கே வரலை, உனக்கு எங்க வரப்போகுது?" சிரித்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான்.

அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த லீவில் அவன் கண்ணெதிரே இதைப் பறக்கவிட்டே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கடுகளவு ஸ்க்ரூவெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அதனால் ரிப்பேர் ஒரு பொருட்டில்லை. ரிமோட்தான் படுத்தியது. இடது குச்சியில் ஏற்றி இறக்க வேண்டும், வாலையும் திருப்ப வேண்டும். வலது குச்சியில் முன்னே பின்னே, பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். ஒன்றைக் கவனித்தால் மற்றது கோபித்துக்கொண்டது.

பழகுவதற்கென்றே ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஏற்றியிருந்தான் கணவன். ரிமோட்டை அதில் செருகினால் திரையில் ஹெலிகாப்டர் பறக்கும். விழுந்தாலும் எதுவும் உடையாது. வேலைக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம், வந்த பிறகு கொஞ்ச நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"டிவி பார்க்க விடாம என்னடி இந்த ஙொய்ங் சத்தம்? சாப்பிட்ட தட்டு காயுது, மகாராணிக்கு விமானம் கேக்குது!"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

நிஜ ஹெலிகாப்டர் கவிழாமலிருக்க, அதன் காலுக்கடியில் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி முனைகளில் பிளாஸ்டிக் பந்துகளைச் செருகினாள். முதலில் தரையிலேயே வழுக்கவிட்டாள். அப்புறம் தவளை மாதிரி தத்தியது. அப்புறம் முழங்கால் உயரம். விழும், சரி செய்வாள், மறுபடி ஏற்றுவாள்.

ஒரு சாயங்காலம் அவள் தோள் உயரத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது.

"அத்தை! நிக்குது பாருங்க!"

"நிக்கறதுக்கு நாற்காலி போதுமே! எதுக்கு ஹெலிகாப்டர்?"

பால்கனிக் கதவு பட்டென்று சாத்திக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'என்ன செஞ்சாலும் இவங்களுக்கு என்னைப் பிடிக்கப்போறதில்லை' என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு பால்கனிப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. குச்சியையும் பந்தையும் கழற்றிவிட்டுத் துணிந்து பறக்கவிட ஆரம்பித்தாள்.

கணவன் லீவில் வந்தான். மறுநாள் சாயங்காலம் மாமியாரே ஆரம்பித்து வைத்தார்.

"உன் பொண்டாட்டி பைலட் ஆயிட்டாப்பா. வா, போய்ப் பார்க்கலாம்."

குத்தலா, நிஜமா, தெரியவில்லை. மூன்று பேரும் கீழே இறங்கினார்கள்.

அவள் ஏற்றினாள். மரத்தைத் தாண்டி ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. கணவன் வாயைப் பிளந்தான்.

அப்போதுதான் காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஹெலிகாப்டர் சட்டென்று திரும்பி, மூக்கை அவளுக்கு நேராகக் காட்டிக்கொண்டு வந்தது.

அதன் வாலைப் பார்த்தே பழகியவள் அவள். மூக்கு இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். அது இடப்பக்கம் சாய்ந்தது. பதறிப்போய்க் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். இன்னும் மோசமாகச் சாய்ந்தது.

"போச்சு!" என்றான் கணவன்.

"விழுற பக்கமே தள்ளுடி!" பின்னாலிருந்து மாமியார் அலறினார். "எந்தப் பக்கம் விழுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு!"

யோசிக்க நேரமில்லை. தள்ளினாள்.

ஹெலிகாப்டர் நிமிர்ந்தது. மெல்ல மெல்லக் கீழே இறக்கிப் புல்லில் உட்கார வைத்தாள்.

"பிரமாதம்! நான் சொன்னதெல்லாம் வாபஸ்" என்ற கணவன், அம்மாவின் பக்கம் திரும்பினான். "அது சரி, இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

மாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பகல் பூரா வீட்டுல நானும் அந்த ரிமோட்டும்தானே இருக்கோம்? கம்ப்யூட்டர்ல நானும் ஓட்டிப் பழகிட்டேன். இப்ப தலைகீழாக் கூட நிறுத்துவேன்."

மருமகளுக்குச் சிரிப்பதா, சண்டை போடுவதா என்று புரியவில்லை.

"அவ்வளவு ஆசை இருந்துச்சுன்னா, அப்புறம் ஏன் அத்தை தினமும் என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?"

மாமியார் புல்லில் இருந்த ஹெலிகாப்டரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பின்னே? தினம் பால்கனியில வந்து நின்னேனே... 'நீங்களும் கீழ வாங்க அத்தை'ன்னு ஒரு நாளாவது கூப்பிட்டியா?"