பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்பேனர்?

“பொம்பளப் பிள்ளைய மோட்டார் மெக்கானிக் கோர்ஸ்ல சேக்க வந்திருக்கீங்களே, விளையாடுறீங்களா?”

மாஸ்டர் கிருபாகரன் கேட்ட கேள்வியில் சின்னானுக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் தமிழ்வாணி தலை குனியவில்லை.

பழங்காநத்தத்தில் இருந்த அந்தத் தனியார் பயிற்சி நிலையத்தை ஒரு மாதம் விசாரித்துத்தான் அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கண்ணாடிக் கட்டடம். ‘படித்து முடித்ததும் கார் கம்பெனியில் வேலை’ என்று வாசலில் ஆளுயர போர்டு. டி. கல்லுப்பட்டியிலிருந்து மத்தியானம் பஸ் ஏறியிருந்தார்கள்.

ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எல்லாம் ஓனரின் மேஜைக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் மாஸ்டர் குறுக்கே வந்தார்.

“ஐயா, எங்க ஊருல எந்த வண்டி நின்னு போனாலும் எம் மகளத்தான் கூப்பிடுவாக” என்றார் சின்னான்.

“அப்படியா? ஏம்மா, கிளட்ச் பிளேட் தேஞ்சு போனா எப்படித் தெரியும்?”

“ஆக்சிலேட்டர் குடுத்தா எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும் சார். வண்டி இழுக்காது.”

“ஸ்பார்க் பிளக் கறுப்பாப் பிடிச்சிருந்தா?”

“பெட்ரோல் கூடுதலாப் போகுதுன்னு அர்த்தம் சார். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் அப்படித்தான் ஆகும்.”

கிருபாகரன் ஓனரைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்லாத்தானே சொல்லுது. சேர்ந்துட்டுப் போகட்டும் மாஸ்டர்” என்றார் ஓனர், பேனாவை நீட்டியபடி. “நோட்டீஸ்ல பொண்ணு போட்டோ போட்டா நமக்கும் நல்லதுதான்.”

“உங்களுக்கென்ன சார்! நாளைக்கு எஞ்சின் இறக்கும்போது கையக் கால நசுக்கிக்கிட்டா, போலீசு, டி.வி.ன்னு நீங்கதான் அலையணும்.”

ஓனரின் பேனா பின்வாங்கியது.

“நான் பாத்துப் பண்ணுவேன் சார்” என்றாள் தமிழ்வாணி.

“கிழிச்ச! இந்தக் கைய வச்சுக்கிட்டுக் கோலம் போடலாம். உனக்கெல்லாம் எதுக்கு ஸ்பேனர்?” மேஜையிலிருந்த சர்ட்டிபிகேட்டுகளை வாரி எடுத்துச் சின்னானின் கையில் திணித்தார். “எண்ணிப் பாத்துக்கங்க, எல்லாம் இருக்கா? அம்புட்டு ஆசையா இருந்தா புதூர் கவர்மெண்ட் ஐ.டி.ஐ.க்குப் போங்க. அங்கதான் பொம்பளைகளுக்குன்னு சீட்ட வச்சுக்கிட்டு, ஆளு கிடைக்காம முழிக்கிறாங்க. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட அதுவும் முடிஞ்சிரும். கிளம்புங்க!”

ரோட்டுக்கு வந்ததும் தமிழ்வாணியின் கண்ணில் நீர் முட்டியது.

“வா தாயி, ஊருக்குப் போவோம். இந்தப் படிப்பே வேணாம்.”

“மணி என்னப்பா?”

“மூணே முக்கால்.”

“புதூருக்குப் போவோம்ப்பா. படிச்சு முடிச்சு, அந்த ஆளு முன்னாடி ஒருநாள் வந்து நிக்கணும்.”

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினார்கள். புதூர் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. கோரிப்பாளையத்தில் பஸ் நகரவே இல்லை. தமிழ்வாணி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தாள்.

ஐ.டி.ஐ. வாசலுக்கு ஓடி வந்தபோது அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம்.

சேர்க்கை கவுண்டரில் சரண்யாதேவி மேடம் இருந்தார். முன்னால் இரண்டே பேர். அதில் தடித்த கண்ணாடி போட்டிருந்த ஒருவன், இவர்கள் மூச்சிரைப்பதைப் பார்த்துத் திரும்பினான்.

“பழங்காநத்தமாக்கா? உங்களையும் திட்டுனாரா?”

தமிழ்வாணி விழித்தாள்.

“நான் ஜூடு, வில்லாபுரம். சோடாபுட்டிக் கண்ணாடிக்குப் போல்ட்டும் தெரியாது, நட்டும் தெரியாதுன்னு சர்ட்டிபிகேட்ட மூஞ்சியில எறிஞ்சாருக்கா.”

அவனுக்கு முன்னால் நின்ற ஒல்லிப் பையன் சொன்னான். “என்னைய நோஞ்சான்னாரு. ஜாக்கி போட்டா வண்டிக்குப் பதிலா நான்தான் மேல போவேனாம்.”

சின்னானுக்குக் கோபம் பொங்கியது. “படிக்க வந்த பிள்ளைகள இப்படியா பேசுறது? அந்த ஆளு மேல புகார் குடுக்காம விடக்கூடாதும்மா!”

சரண்யாதேவி அந்த இருவருக்கும் சீட் போட்டுவிட்டு, தமிழ்வாணியின் சர்ட்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முத்திரை குத்தினார்.

“மோட்டார் மெக்கானிக், பெண்கள் ஒதுக்கீடு. சீட் போட்டாச்சும்மா.”

தமிழ்வாணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மேஜையிலிருந்த செல்போன் அடித்தது. கை நிறைய ஃபைல் இருந்ததால் மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், கிருபாகரன் பேசுறேன். கல்லுப்பட்டிப் பொண்ணு ஒண்ணு வந்துச்சா? வரலைன்னா கொஞ்சம் பொறுத்து கவுண்டர அடைங்க.”

கவுண்டரில் நின்ற எல்லோரும் அந்த போனையே பார்த்தார்கள்.

“வந்துருச்சு சார். சேர்ந்தாச்சு. ஆனா ஏன் சார் இப்படி அழ வச்சு அனுப்புறீங்க?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“என்ன பண்ணச் சொல்றீங்க மேடம்? எங்களுக்கு அங்கீகாரம் ரத்தாயிருச்சு, இங்க குடுக்கிற சர்ட்டிபிகேட் எங்கயும் செல்லாதுன்னு ஓனரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல? மத்த பயலுகளத் திட்டிப்புட்டேன்... கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்ன அந்தப் பிள்ளையத் திட்டத்தான் மேடம், எனக்கு வாயே வரல. கஷ்டப்பட்டுத்தான் திட்டி அனுப்புனேன்.”