இடிக்கிற வீடு

சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அப்படித்தான் செய்யவேண்டும் என்று புரோக்கர் தமீம் வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தார். வீடு பிடித்திருக்கிறது என்று முகத்தில் மட்டும் காட்டிவிடாதீர்கள் மேடம். காட்டினால் விலை எகிறிவிடும்.

சுவர் நன்றாகத்தான் இருந்தது.

ராயப்பேட்டையில் லாரி நுழையாத ஒரு சந்து. அதனாலேயே பில்டர்கள் எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். பக்கத்து வீடு காபிக் கடையாகிவிட்டது. புது நாற்காலிகளை மெனக்கெட்டுப் பழசாக்கிப் போட்டிருந்தார்கள். எதிர் வீட்டில் யோகா. அதன் ஓட்டுக்கூரையை நாள் தவறாமல் யாராவது போட்டோ எடுக்கிறார்கள். குடித்தனம் மிச்சமிருந்தது இந்த ஒரு வீட்டில்தான்.

இரண்டு அறை, ஒரு கூடம், பின்கட்டில் துணி காயப்போடும் அளவுக்கு வானம்.

சிவப்புச் சிமெண்டுத் தரை.

அவளுடைய ஆபீஸில் எல்லோரும் ஏங்குகிற தரை அது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்ததுமே அவளுக்கு முடிவாகிவிட்டது. ஒன்பதாவது மாடியில் வாடகைக்கு இருந்து இருந்து அலுத்துப்போனவள். இந்த வீடு கிடைக்காவிட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

“தரையெல்லாம் விரிசல் விட்டிருக்கே,” என்றாள்.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த அவர் மனைவியும் பார்த்தார்.

அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் பேரத்தில் இறங்கியாயிற்று. கத்தரிக்காயைச் சொத்தை என்று சொல்லாமல் யார் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறார்கள்?

“கட்டடம் ஒண்ணுக்கும் ஆகாது. இடிச்சுட்டுத்தான் கட்டணும். மனைக்கு மட்டும்தான் விலை சொல்ல முடியும்.”

தமீம் இருமினார். சபாஷ் என்று அர்த்தம்.

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

“நெஜமாவே இடிச்சுடுவீங்களா?”

போச்சு, என்று நினைத்தாள். மனிதர் புண்பட்டுவிட்டார். வீடு கைவிட்டுப் போகப்போகிறது.

அவர் மனைவியிடம் டீ போடச் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“வர்றவங்க எல்லாம், பழசு அழகா இருக்கு, அப்படியே வச்சுக்கறோம்னுதான் சொல்றாங்கம்மா. நீங்க ஒருத்தர்தான் இடிக்கறேன்னு சொன்னீங்க. கண்டிப்பா இடிச்சுடுவீங்கன்னா, நீங்க சொல்ற விலைக்கே முடிச்சுக்கலாம்.”

அவளுக்கு விளங்கவில்லை.

மகன் தயாளன், என்றார். சண்டை போட்டுக்கொண்டு போனவன். சண்டை தன்னோடுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போலீஸ், பேப்பர், ஜோசியம் எல்லாம் பார்த்தாயிற்று. மகள் ஓசூருக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆனால் மனைவி ஒரு ராத்திரிகூட இந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே தங்கியதில்லை.

“ஓசூருக்கே வந்தாலும் மனசு இங்கதான் கெடக்கும். வீடு நிக்கிற வரைக்கும், அவன் வந்து கதவைத் தட்டுவான்னு நெனச்சுக்கிட்டேதான் இருப்பா. இது தரைமட்டமானாத்தான் அவளுக்கு விடுதலை.”

உள்ளே பால் வழிந்து அடுப்பில் கருகும் வாசனை வந்தது.

தமீம் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு அவரிடம் பாடம் இல்லை.

உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும்.

“இடிச்சுடறேன்,” என்றாள்.

ஏகாம்பரம் கைகூப்பினார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

டீ வந்தது. சர்க்கரை தூக்கல். எல்லோரும் ஓசூர் குளிரைப் பற்றிப் பேசினார்கள்.

தமீம் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தப் போனார். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பின்னாலேயே வந்துவிட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கதவு நிலைக்கு மேலே காட்டினார்.

நீலத் தகட்டில் மாநகராட்சி கொடுத்த புது நம்பர். அதற்குக் கீழே பெயிண்டில் பழைய நம்பர், பதினான்கு. வெளுக்க வெளுக்க மேலேயே எழுதி எழுதி, அந்த ஒன்றும் நான்கும் தடித்துப் போயிருந்தன.

“இடிக்கிறதுன்னா இடிச்சுக்கோ கண்ணு. உன் வீடு. புதுசா கட்டினப்புறம் இந்தப் பழைய நம்பரையும் ஒரு ஓரமா எழுதி வை. நம்பரை மாத்தினது பையன் போனதுக்கு அப்புறம். அவனுக்கு இதுதான் தெரியும்.”

செருப்பு வாரில் விரல் நுழையவில்லை.

அவளுக்கு அவமானமாக இருந்தது.

“நான் இடிக்கப் போறதில்லம்மா.”

மிக மெதுவாகத்தான் சொன்னாள்.

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். பிறகு திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் குனிந்து டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் ஈரம் காயாத கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இடிச்சுடும்மா,” என்றார், கூடத்துக்குக் கேட்கும்படி உரக்க. “ஒரு செங்கல்லுகூட விடாம இடிச்சுடு.”