தொட்டி மேல் பன்னிரண்டு கூரைகள்

1971 டிசம்பர் முதல் வாரம், திருவொற்றியூரில் ஓர் எண்ணெய்க் கிடங்கின் பெரிய தொட்டி மீது குடிசைகள் வரையும்படி உத்தரவு வந்தது. வானத்திலிருந்து பார்க்கும் எதிரி விமானிக்கு அது தொட்டியாகத் தெரியக் கூடாது.

"நைனா, குண்டு போட வர்றவன் கூரைல ஓட்டை கீதா இல்லியான்னா பாத்துகினு இருப்பான்?" என்றான் உதவியாள் பஷீர், பெயின்ட் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி.

"ஓட்டை இல்லாத கூரைய நீ எங்கடா பாத்தே?" என்றான் பெயின்டர் சவரிநாதன். குனிந்த தலை நிமிரவில்லை.

ஒரு கூரையைத் தகரத்தில் அச்சாக வெட்டி வைத்திருந்தான். அதைத் தொட்டி மேல் வைத்துப் பழுப்பு பூசுவான். காய்ந்ததும் தேங்காய் நாரால் கறுப்பைத் தொட்டுத் தொட்டு ஒற்றுவான். அப்புறம் தென்னந்துடைப்பத்தை வெளிர்மஞ்சளில் தோய்த்து ஒரே இழுப்பு. கீற்று கீற்றாய் எழும்பி வரும். கடைசியாக ஒரு கிழிந்த டயர், ஒரு டால்டா டின் தகடு, ஒரு பூசணிக் கொடி வரைவான். பன்னிரண்டு கூரைக்கும் அதே டயர், அதே தகடு, அதே கொடி.

"எவன் வூட்டுக் கூரை மாமு இது? பொறம்போக்கு மாதிரி கீது."

"எவன் வூடா இருந்தா உனுக்கு இன்னா? கறுப்பை எடு. நிழல் போடணும். நிழல் வுயுந்தாத்தான் அது கூரை. இல்லாட்டி வெறும் பாய்."

பஷீர் கறுப்பு வாளியை நகர்த்தினான். "சேதி கேட்டியா? சர்க்காரு ஏரோப்ளேன்ல போயி குடிசைங்கள போட்டோ புடிக்கப் போறானாம். போட்டோல வுயுந்தவனுக்கு மாடி வூடாம்."

சவரிநாதன் கை நின்றது. போன ஐப்பசியில் சடையங்குப்பத்தில் அவன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மனைவி பிலோமி கைக்குழந்தையோடு இரண்டு நாள் கட்டில் மேல் நின்றாள். இன்னொரு மழைக்கு இங்கே இருக்க மாட்டேன் என்று மாதா படத்தின் மேல் கையடித்துச் சொல்லியிருந்தாள்.

"நம்மளும் வுயுவோம்டா" என்றான்.

வேலை முடிந்த அன்று ஒரு காக்கை வந்து வரைந்த கூரையில் கீற்றைப் பிடுங்கப் பார்த்தது. கிடங்கு சூப்பரின்டெண்டு அருள்பிரகாசம் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரையும் கூப்பிட்டார்.

"எங்க வரைஞ்சீங்கன்னு வெளிய மூச்சு விட்டீங்க, ஜெயில்தான். ராணுவ ரகசியம்."

இரண்டே வாரத்தில் போர் முடிந்தது. எதிரி விமானம் எதுவும் வரவில்லை. சித்திரையில் ஓர் உச்சி வேளையில் சர்க்கார் விமானம்தான் வந்து போனது.

ஆடியில் சடையங்குப்பத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். கையில் மேலிருந்து எடுத்த படம், சிவப்புப் பென்சில். சவரிநாதனின் குடிசைக்குள் நுழைந்து, பிலோமி கொடுத்த டீயைக் குடித்து, படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

"சார், எங்க வூட்டை வுட்டுட்டீங்களே?"

"இங்க வீடு இல்லையேப்பா."

"இப்போ டீ குடிச்சது இன்னா ஓட்டல்லயா?" என்றாள் பிலோமி.

அதிகாரி கோபப்படாமல் படத்தை நீட்டினார். "சண்டை சமயத்துல எங்கயோ பெயின்ட்டுல குடிசை வரைஞ்சிருக்காங்க. எங்கன்னு எங்களுக்கே சொல்லல. நாங்கதான் பாத்துக் கழிக்கணும். இதோ பாரு, திருவொற்றியூர்ல பன்னெண்டு குடிசை. டயர், தகடு, பூசணிக் கொடி. இங்க தனியா ஒண்ணு. அதே டயர், அதே தகடு, அதே கொடி. இது எப்படி?"

சவரிநாதன் அண்ணாந்து தன் கூரையைப் பார்த்தான். டயர் இருந்தது. டால்டா தகடு இருந்தது. கொடியில் இந்த வருஷம் இரண்டு பிஞ்சு.

"கண்ணுக்குப் பழகின கூரைன்னு... சார், இதான் சார் நெசம்!"

"நிஜம்னா நிழல் எங்க? அந்தப் பன்னெண்டுக்கும் எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாரு. உன்னுது பாய் விரிச்ச மாதிரி இருக்கு."

"நீங்க உச்சி வெயில்ல புடிச்சா நெசக் கூரைக்கு ஏது சார் நிழலு?"

"ஐப்பசில எம்மேல ஒயுவுனது பெயின்ட்டா சார்?" என்றாள் பிலோமி. "உள்ளதானே நின்னுகினு கீறீங்க!"

"எனக்குத் தெரியுதும்மா. படத்துக்குத் தெரியலையே."

சவரிநாதன் மார்பைத் தட்டிக்கொண்டான். "அதை வரைஞ்சதே நான்தான் சார்!"

"அப்படியா? எங்க வரைஞ்சே?"

சவரிநாதன் வாயைத் திறந்தான். அருள்பிரகாசம் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

"சொல்ல வேணாம், புரியுது" என்ற அதிகாரி, படத்தில் சடையங்குப்பத்துக் கூரை மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார். "பெயின்டர் இங்க இருக்கான். பெயின்ட்டும் இங்கதான்."

அடுத்த ஆண்டு புதுக் குடியிருப்பில், திருவொற்றியூர்க் குடிசைகளுக்கென்று ஒதுக்கி, ஆள் வராமல் பூட்டிக் கிடந்த பன்னிரண்டு வீடுகளுக்கும் கதவு எண் எழுதும் வேலை சவரிநாதனுக்குக் கிடைத்தது.